பழைய ஹோம் கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ, கமடோர்... நம்ம வீட்டுக்கு எது சரிப்படும்?

இந்தக் கட்டுரையை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் போனுக்குள் அநேகமாக 'ஆர்ம்' வகை சிப் ஒன்று இருக்கும். அந்த வகையின் முதல் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உயிர்பெற்றது. அதைச் சோதித்துப் பார்க்க இணைத்த கம்ப்யூட்டரின் பெயர் பிபிசி மைக்ரோ. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் பிபிசி மைக்ரோக்கள் இந்தியப் பள்ளிகளுக்கும் வந்து இறங்கின.

நாற்பது வருஷம் கழித்து அந்தப் பெட்டிகளுக்கு மறுபடியும் மவுசு. யூடியூபில் யாரோ ஒருவர் பழைய கீபோர்டைத் தட்டி, டிவியில் கோடு கோடாக கேம் லோடு ஆவதைக் காட்டுகிறார். பார்த்தவுடன் 'நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன?' என்று தோன்றுகிறது. தோன்றுவதில் தப்பில்லை. ஆனால், மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு இதற்குப் போய்விடும். மாடலைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அது ஷோகேஸ் பொம்மை. பவர் சப்ளையைப் பார்க்காமல் பிளக்கைச் சொருகினால் வீட்டுக்குள் புகை.

ஒரு உதாரணத்துக்கு, சிவகாசி பக்கம் எம். புதுப்பட்டியில் இருந்துகொண்டு ஒருவர் இப்படி ஒரு மெஷின் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் பட்டாசு ஆலைகள், வெயில், தூசி. பழைய கம்ப்யூட்டர் ரிப்பேருக்கென்று தனிக் கடை கிடையாது. அவர் எதை வாங்கலாம்?

சுருக்கமான பதில்: சின்ன வயதில் ஆசைப்பட்ட மாடல் எது என்று பார்க்காதீர்கள். உங்கள் வீட்டு கரன்ட்டில் ஓடி, உங்கள் டிவியில் படம் காட்டி, பழுதானால் பக்கத்து ஊர் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் கையில் சரியாகக்கூடிய மாடல் எது என்று பாருங்கள். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹோம் கம்ப்யூட்டர் என்றால் என்ன?

1977-ல் இருந்து 90களின் தொடக்கம் வரை விற்ற, வீட்டு டிவியையே திரையாகப் பயன்படுத்திய கம்ப்யூட்டர்களை இப்படிச் சொல்வார்கள். பெரும்பாலும் மொத்த மெஷினும் கீபோர்டுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆன் செய்தால் விண்டோஸ் எதுவும் வராது. ஒன்றிரண்டு நொடியில் 'பேசிக்' என்ற புரோகிராமிங் மொழி தயாராக நிற்கும். நீங்கள் எழுதினால் அது செய்யும், அவ்வளவுதான். புரோகிராமைச் சேமிப்பது பாட்டு கேட்கும் ஆடியோ கேசட்டில்.

நினைவகம்? பிபிசி மைக்ரோ 'பி' மாடலில் 32 கே.பி., ஸ்பெக்ட்ரமில் 48 கே.பி., பெயரிலேயே சொல்வதுபோல கமடோர் 64-ல் 64 கே.பி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படம் பெரும்பாலும் இதைவிடப் பெரிது.

நம்ம நாட்டுக்கு எவை வந்தன?

இது வெறும் வரலாற்றுக் கேள்வி இல்லை. உள்நாட்டில் எது கிடைக்கும் என்பது இதை வைத்துத்தான்.

முதலாவது, பிபிசி மைக்ரோ. பள்ளி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் அறிமுகம் தர மத்திய அரசு 1984-85-ல் 'கிளாஸ்' என்ற திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது. அதற்குத் தேர்வானது இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ. இந்தத் திட்டத்தில் 12,000 கம்ப்யூட்டர்கள் வந்து, மாநில அரசுகள் வழியாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் போனதாக மத்திய கல்வித் துறையின் ஆவணங்கள் சொல்கின்றன. மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் பெற்று அதே வடிவமைப்பை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது.

இரண்டாவது, ஸ்பெக்ட்ரம். இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1982-ல் வெளியிட்டது. 16 கே.பி. மாடல் 125 பவுண்ட், 48 கே.பி. மாடல் 175 பவுண்ட். அதே வருஷம் பிபிசி மைக்ரோ 'பி' 399 பவுண்டுக்கு விற்றது. விலை வித்தியாசம்தான் ஸ்பெக்ட்ரமை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. 80களின் பிற்பகுதியில் 'டெசிபெல்ஸ்' என்ற இந்திய நிறுவனம் உரிமம் வாங்கி 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் இங்கே விற்றது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில்தான் உஷாராக இருக்கணும். திருவிழாக் கடைகளிலும் பஜார்களிலும் 'கீபோர்டு வெச்ச டிவி கேம்' விற்றது ஞாபகம் இருக்கிறதா? பார்க்க கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கும், கேட்ரிட்ஜ் சொருகணும், சிலவற்றில் டைப்பிங் கேமும் ஒரு குட்டி பேசிக்கும் இருக்கும். அது நின்டெண்டோ ஃபாமிகாமின் நகல். உள்ளே இருப்பது பிபிசி மைக்ரோவில் இருக்கும் 6502 சிப்பின் குடும்பம்தான். ஆனால், அது ஹோம் கம்ப்யூட்டர் இல்லை. ஆன்லைனில் யாராவது 'அரிய 8-பிட் கம்ப்யூட்டர்' என்று போட்டு நல்ல விலை சொன்னால், படத்தில் கேம் கேட்ரிட்ஜ் துளையும் ஜாய்ஸ்டிக்கும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குக்கு வாங்கலாம், அரிய பொருளின் விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

வெளிநாட்டில் ஆர்டர் போட்டால் வந்துடுமே?

அவ்வளவு சுலபம் இல்லை. இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில், பயன்படுத்திய டெஸ்க்டாப், பர்சனல் கம்ப்யூட்டர்கள் 'கட்டுப்படுத்தப்பட்ட' இறக்குமதிப் பட்டியலில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் வரும் பார்சலைச் சுங்கத் துறை நிறுத்தி வைக்கலாம். 'இது நாற்பது வருஷப் பழசு சார், மியூசியம் பீஸ்' என்று நீங்கள் விளக்கம் சொல்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். வரி, கூரியர் கட்டணம் எல்லாம் தனி. விற்பவர் பவர் சப்ளையைச் சரியாகப் பொதியாமல் அனுப்பி, வழியில் கீபோர்டு உடைந்து வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் முதல் வடிகட்டி இதுதான்: ஏற்கெனவே இந்தியாவுக்குள் இருக்கும் மெஷினைத் தேடுங்கள். இல்லையென்றால், பழைய மெஷின் வடிவில் புதிதாகத் தயாராகும் மாடல்களைப் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

உள்நாட்டில் எங்கே கிடைக்கும்? சேகரிப்பாளர்களின் குழுக்கள், பழைய பொருள் விற்கும் ஆப்கள், காயலான் கடைகள். பள்ளி ஸ்டோர் ரூம்களில் இருந்து வெளியே வரும் போர்டுகள் பெரும்பாலும் எடைக்குப் போய்விடும். சிப்பின் காலில் இருக்கும் துளி தங்கத்துக்காக உடைபடுவதும் உண்டு. அதனால் எடைக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது பலன் தரும். ஒரு எச்சரிக்கை: அரசுப் பள்ளியின் பொருள் என்றால், கழிவு செய்து முறையாக ஏலம் விட்டதற்கான ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

1. கரன்ட்: நம்ம வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கிலாந்து மெஷின்கள் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை, பிரச்னை இல்லை. அமெரிக்க மெஷின்கள் 120 வோல்ட், ஜப்பான் மெஷின்கள் 100 வோல்ட். நேரடியாகச் சொருகினால் கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் குறையும், ஆனால் 50 ஹெர்ட்ஸ் 60 ஆகாது. 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும்.

2. டிவி: இந்தியாவும் இங்கிலாந்தும் 'பால்' முறை, நொடிக்கு 50 படம். அமெரிக்கா, ஜப்பான் 'என்டிஎஸ்சி', நொடிக்கு சுமார் 60 படம். இன்றைய எல்இடி டிவிகள் பலவும் இரண்டையும் காட்டிவிடும். ஆனால், ஐரோப்பாவுக்காக எழுதிய கேமை அமெரிக்க மெஷினில் போட்டால் பல கேம்கள் சுமார் 20% வேகமாக ஓடும், பாட்டு கீச்சென்று கேட்கும், சில ஓடவே ஓடாது. இன்னொரு விஷயம், பழைய மெஷின்களின் ஆன்டெனா அவுட்புட்டைப் பிடிக்கும் வசதி புதிய ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் இருப்பதில்லை. சிவப்பு-வெள்ளை-மஞ்சள் ஏ.வி. துளை இருக்கிறதா என்று இப்போதே டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்.

3. சேமிப்பு: நாற்பது வருஷக் கேசட், ஃபிளாப்பியை நம்பி இறங்க வேண்டாம். எஸ்.டி. கார்டையோ பென் டிரைவையோ சொருகும் மாற்றுக் கருவி அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிரபலமான மாடல்கள் எல்லாவற்றுக்கும் உண்டு.

4. ரிப்பேர்: சர்க்யூட் வரைபடம் கிடைக்கிறதா? சிப்கள் இன்றும் விற்கின்றனவா? இதில்தான் பிரபலமான மாடலுக்கும் அபூர்வமான மாடலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சேகரிப்பவருக்கு அபூர்வமானது பெருமை, பயன்படுத்துபவருக்கு அது தலைவலி.

ஸ்பெக்ட்ரம்: முதல் மெஷினுக்கு ஏற்றது

உள்ளே பாகங்கள் மிகக் குறைவு. 230 வோல்ட் மெஷினுக்குள்ளேயே வராது, வெளியே இருக்கும் அடாப்டர் 9 வோல்ட்டாக மாற்றிக் கொடுத்துவிடும். அதனால் மூடியைத் திறந்து பார்க்கப் பயப்பட வேண்டாம். இதன் மூளையான இசட்80 சிப் அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் இருந்தது, இன்றும் தேடினால் கிடைக்கிறது. ஸ்பெக்ட்ரமுக்கென்றே செய்த 'யூஎல்ஏ' சிப் ஒன்றுதான் சிக்கல். அதற்கும் இப்போது ஆர்வலர்கள் மாற்றுச் சிப் செய்துவிட்டார்கள்.

மூன்று இடத்தில் கவனம் தேவை. ஒன்று, அடாப்டரின் துருவம். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவ். ஸ்பெக்ட்ரமுக்கு நடுப்பகுதி நெகட்டிவ். '9 வோல்ட்தானே' என்று ரவுட்டர் அடாப்டரைச் சொருகினால் மெஷின் போச்சு. இரண்டு, கீபோர்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாள். வயதாகி, மடித்தால் அப்பளம்போல உடையும். புதிதாகச் செய்த தாள் விலைக்குக் கிடைக்கிறது, மாற்றிவிடலாம். மூன்று, நினைவகச் சிப்கள். பழைய போர்டுகளின் முதல் 16 கே.பி.க்கு மூன்று வெவ்வேறு வோல்டேஜ் வேண்டும். அதைத் தயாரிக்கும் சின்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட் கெட்டால், கூடவே நினைவகச் சிப்களும் போகும். எனவே புதுச் சிப் போடும் முன் அந்தச் சர்க்யூட்டைச் சரிசெய்யணும்.

கேசட் பிளேயர் இல்லையா? உங்கள் போனே போதும். கேசட்டில் இருந்த சத்தத்தை ஆடியோ ஃபைலாக மாற்றி, ஹெட்போன் வயர் வழியாக ஸ்பெக்ட்ரமின் 'இயர்' துளைக்குக் கொடுத்தால் கேம் லோடு ஆகிவிடும். ஐந்து நிமிஷம் ஆகும், அந்தக் 'கிர்ர்' சத்தமும் இலவசம்.

பிபிசி மைக்ரோ: கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு

வாங்கி விளையாட மட்டும் இல்லை, எலெக்ட்ரானிக்ஸும் புரோகிராமிங்கும் அடி முதல் புரிய வேண்டும் என்றால் இதற்கு இணை குறைவு. சோஃபி வில்சன் எழுதிய இதன் பேசிக், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பேசிக்குகளில் ஒன்று. அதற்குள்ளேயே மெஷின் மொழி எழுதும் வசதியும் இருக்கிறது. பின்னாளில் அதே சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் உங்கள் போனில் இருக்கும் ஆர்ம் சிப்பை வடிவமைத்தார்கள்.

இதன் அடியிலும் பின்பக்கமும் துளைகள் ஏராளம். சென்சாரை நேரடியாகப் படிக்க 4 அனலாக் இன்புட் உண்டு. ரிலே, விளக்கு, மோட்டாரைக் கட்டுப்படுத்த 'யூசர் போர்ட்' உண்டு. ஆர்டுயினோ வைத்து இன்று செய்வதை 1982-லேயே பள்ளிப் பிள்ளைகள் இதில் செய்தார்கள். அறை வெப்பத்தை மணிக்கு ஒரு தடவை குறித்து வைக்கும் ஒரு கருவியைச் செய்து பார்க்க வேண்டுமானால், எம். புதுப்பட்டி வெயிலைவிட நல்ல சோதனை ஏது?

படத்துக்கும் வழி இருக்கிறது. இதன் ஏ.வி. அவுட்புட் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளையாகவே வரும், போர்டில் ஒரு சின்ன இணைப்பு கொடுத்தால் கலர் வரும். இன்னும் தெளிவு வேண்டுமென்றால், ராஸ்பெரி பை ஸீரோவை வைத்து ஆர்.ஜி.பி. சிக்னலை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் போர்டு ஒன்று இருக்கிறது. அது முதலில் உருவானதே பிபிசி மைக்ரோவுக்காகத்தான்.

குறை? ஸ்பெக்ட்ரம் மாதிரி இல்லை, 230 வோல்ட் நேராக உள்ளேயே வருகிறது. அந்தப் பவர் சப்ளையில்தான் நம்ம ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது.

புகையும் சத்தமும்: பவர் சப்ளைக்குள் ஒரு வெடி

பிபிசி மைக்ரோ உட்பட அந்தக் காலத்தின் பல மெஷின்களில், மின் இரைச்சலை வடிகட்ட 'ரிஃபா' என்ற பிராண்ட் கெபாசிட்டர்கள் இருக்கும். கண்ணாடி மாதிரி மஞ்சள் நிறப் பிளாஸ்டிக்கில் அடைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது உலோகம் பூசிய காகிதம். வருஷங்கள் ஆக ஆக மேல் பிளாஸ்டிக்கில் மெல்லிய விரிசல் விழும். அதன் வழியாகக் காகிதம் ஈரத்தை இழுக்கும். காகிதம் ஈரம் இழுத்தால் என்ன ஆகும் என்று பட்டாசும் அச்சும் பார்க்கும் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படி ஈரமேறிய கெபாசிட்டருக்கு 230 வோல்ட் கொடுத்தால் சூடாகி, சில நிமிஷத்தில் 'டப்' என்று வெடித்து, அறை முழுக்க நாற்றமெடுக்கும் புகை நிரம்பும். கம்ப்யூட்டர் பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நடந்தால் விபரீதம். தீர்வு சின்னது: 'எக்ஸ்2' வகை புதிய கெபாசிட்டர்களை மாற்ற வேண்டும். பாகத்தின் விலை டீ, வடைச் செலவுதான். அதை மாற்றும் வரை பிளக்கைத் தொடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், அனுபவம் இல்லாதவர்கள் இதைத் தாங்களே திறக்கக் கூடாது. எல்இடி டிவி, யுபிஎஸ் போர்டு சரிசெய்யும் நல்ல மெக்கானிக்குக்கு இது அரை மணி நேர வேலை.

இதே பகுதியில் இன்னொரு பாடமும் தயாராக இருக்கிறது. மருந்து அறைக்குள் நுழையும் முன், உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கச் செம்புத் தகட்டைத் தொடுவது பட்டாசு ஆலைகளில் சொல்லித்தரும் பாதுகாப்புப் பழக்கம். பழைய கம்ப்யூட்டர் சிப்பைத் தொடும் முன்னாலும் அதையேதான் செய்யணும். நைலான் சட்டையைத் தவிர்த்துப் பருத்தி போடுவது, எர்த் செய்த உலோகத்தைத் தொடுவது, சிப்பின் காலைத் தொடாமல் ஓரத்தைப் பிடிப்பது. அங்கே அது உயிரைக் காக்கிறது, இங்கே சிப்பைக் காக்கும்.

ஊரின் வறண்ட காற்றும் ஒருவகையில் சாதகம். கடலோர நகரங்கள் மாதிரி சீக்கிரம் துருப் பிடிக்காது. எதிரி வெப்பம்தான். ஷீட் போட்ட மாடி அறையில் மெஷினை வைக்காதீர்கள். கெபாசிட்டர் மாற்றும்போது 85 டிகிரி தாங்குவதை விட்டு, 105 டிகிரி தாங்குவதைக் கேட்டு வாங்குங்கள்.

கமடோர் 64: பாட்டும் கேமும்தான் முக்கியம் என்றால்

1982-ல் வந்து, ஒரு கோடிக்கும் மேல் விற்ற மெஷின். இதன் 'சிட்' என்ற இசைச் சிப்புக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. கேம் எண்ணிக்கையில் இதற்கும் ஸ்பெக்ட்ரமுக்கும் போட்டி.

ஆனால், இதன் பழைய பவர் சப்ளை பெயர்பெற்ற எமன். பிசின் ஊற்றி அடைத்த கறுப்புச் செங்கல் மாதிரி இருக்கும், திறக்க முடியாது. உள்ளே இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் பழுதானால் வோல்டேஜ் ஏறி, நினைவகச் சிப்களைக் கொன்றுவிடும். விற்பவர் 'ஒரிஜினல் பவர் சப்ளையோட தர்றேன்' என்றால் அதை அலமாரியில் வைத்துவிட்டு, புதிதாகத் தயாரான பவர் சப்ளையை வாங்கிய பிறகே ஆன் செய்யுங்கள். சிட் உட்பட முக்கியச் சிப்கள் இந்த மெஷினுக்கென்றே செய்தவை. அசல் சிப் கெட்டால் செலவு அதிகம். வாங்கினால் 'பால்' மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

மற்றவை?

ஆப்பிள் 2: 1977-ல் வந்த முன்னோடி, அழகான வடிவமைப்பு. அமெரிக்க வோல்டேஜ், அமெரிக்க டிவி முறைக்குச் செய்தவை அதிகம், விலையும் அதிகம். முதல் மெஷினாக வேண்டாம்.

எம்எஸ்எக்ஸ்: 1983-ல் அறிவித்த பொதுத் தரம், பல நிறுவனங்கள் தயாரித்தன. மெஷின் நல்லது, ஆனால் ஜப்பானில் இருந்து வந்தது 100 வோல்ட்டா என்று பார்க்கணும்.

அமிகா 500: 1987-ல் வந்தது, கிராபிக்ஸ் அபாரம். கூடுதல் நினைவக அட்டையில் இருக்கும் ரீசார்ஜ் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கும். பச்சைப் பூசணம் மாதிரி தெரிந்தால் விலகிவிடுங்கள். 386, 486 பி.சி.க்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

புதிதாக வரும் 'பழைய' மெஷின்கள்

சால்டரிங் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு இது நல்ல வழி. 2019-ல் வந்த முழு அளவு 'தி சி64', 2024 நவம்பரில் வந்த 'தி ஸ்பெக்ட்ரம்' இரண்டும் பார்க்க, தட்ட, பழைய மாதிரியே இருக்கும். எச்.டி.எம்.ஐ. வயர், யுஎஸ்பி கரன்ட். உள்ளே ஓடுவது எமுலேட்டர். இதில் ஒரு வேடிக்கை: 'தி சி64'-க்குள் இருப்பது ஆர்ம் சிப். ஏகார்னின் போட்டியாளராக இருந்த கமடோர், இன்று ஏகார்ன் வழிவந்த சிப்பில் வாழ்கிறது.

கேம் ஆட, பேசிக் பழக இது போதும். சிப்பை மாற்றி, சர்க்யூட்டைத் தொட்டுக் கற்றுக்கொள்ள இதில் வழியில்லை.

விற்பவரிடம் என்ன கேட்கணும்?

'ஒர்க்கிங் கண்டிஷன்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள். போனில் இப்படிக் கேட்கலாம்:

"அண்ணே, ஆன் பண்ணி, பேசிக்ல ரெண்டு வரி அடிச்சு, ஒரே வீடியோவா எடுத்து அனுப்புங்க. நடுவுல கட் பண்ணாதீங்க."

"எல்லாக் கீயையும் ஒரு தடவை அமுக்கிக் காட்டுங்கண்ணே."

"மூடியைக் கழட்டி போர்டு போட்டோ ஒண்ணு, பவர் சப்ளை போட்டோ ஒண்ணு."

"அடாப்டர் மேல எழுதியிருக்கிற வோல்ட்டைக் கிட்டக்க எடுத்து அனுப்புங்க."

'டெஸ்ட் பண்ணல, பவர் கார்டு இல்ல' என்று பதில் வந்தால், 'ஓடாது' என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வெளி பிளாஸ்டிக் மஞ்சளாக மாறியிருப்பது வெறும் தோற்றம், அதற்காக நல்ல மெஷினை விட வேண்டாம்.

வாங்கி என்ன செய்றது?

இதுதான் பலர் கேட்காமல் விடும் கேள்வி. பதில் இல்லையென்றால் மூன்றாவது வாரமே மெஷின் பரணுக்குப் போய்விடும். ஒரு சின்ன வேலை சொல்கிறோம்.

இந்த மெஷின்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கற்றுக்கொடுக்கலாம். ஒரு எழுத்து என்பது 8-க்கு 8 கட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண், மொத்தம் 8 எண்கள். இடமிருந்து வலமாகக் கட்டங்களின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நிரப்பிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசையின் எண். 'ப' எழுத்துக்கு 0, 66, 66, 66, 66, 66, 126, 0. இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடு என்றால் 64-ம் 2-ம் சேர்ந்து 66. அடிக்கோடு என்றால் நடுவில் இருக்கும் ஆறு கட்டமும் நிரம்பி 126. பிபிசி மைக்ரோவில் 'வி.டி.யு. 23, 224' என்று ஆங்கிலத்தில் அடித்து, காற்புள்ளி போட்டு இந்த எட்டு எண்களையும் கொடுங்கள். அதன்பின் 224-வது எழுத்து 'ப' ஆகிவிடும்.

'எம். புதுப்பட்டி' என்று எழுத எ, ம், பு, து, ப், ப, ட், டி என 8 எழுத்து வேண்டும். 64 எண்கள். ஸ்பெக்ட்ரமில் இப்படி நாமே வரைய 21 இடம் உண்டு, பிபிசியில் சாதாரணமாக 32. 'டி'யின் வளைவை எட்டுக் கட்டத்துக்குள் அடக்கப் போராடும்போதுதான், போனில் நாம் யோசிக்காமல் தட்டும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குப் பின்னாலும் யாரோ உட்கார்ந்து செய்த வேலை என்ன என்று புரியும்.

கடைசியாக, எதை வாங்கலாம்?

முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். ஸ்பெக்ட்ரமுக்கு 'ஃப்யூஸ்', கமடோருக்கு 'வைஸ்' என்ற எமுலேட்டர்கள் இலவசம். பிபிசி மைக்ரோவுக்கு 'ஜேஎஸ்பீப்' பிரவுசரிலேயே ஓடும். மேலே சொன்ன 'ப' வேலையை அதில் செய்து பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் ஆர்வம் இருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.

* முதல் நிஜ மெஷின் வேண்டும், ரிப்பேர் பழகத் தயார்: 48 கே.பி. ஸ்பெக்ட்ரம். இந்தியாவில் விற்ற டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.
* சென்சார், சர்க்யூட், பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது: பிபிசி மைக்ரோ அல்லது யூனிகார்ன், பவர் சப்ளை கெபாசிட்டரை மாற்றிய பிறகு.
* இசையும் கேமும்: 'பால்' கமடோர் 64, புதிய பவர் சப்ளையோடு.
* மாலையில் ஒரு மணி நேரம் விளையாட மட்டும்: 'தி ஸ்பெக்ட்ரம்' அல்லது 'தி சி64'.

பட்ஜெட்டில் பாதியை மட்டும் மெஷினுக்கு ஒதுக்குங்கள். மீதிப் பாதி பவர் சப்ளை, டிவி வயர், எஸ்.டி. கார்டு கருவி, மெக்கானிக் கூலி என்று போய்விடும். பாதிப் பணத்துக்குள் கிடைக்காத மெஷின், இப்போதைக்கு உங்களுக்கான மெஷின் இல்லை.

இன்னொன்று. 1985-ல் பள்ளிக்கு வந்த அந்தப் பெட்டிகளில் பல இன்று எடைக்கடைத் தராசில் இருக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி ஓட வைப்பவர், ஒரு பொழுதுபோக்குப் பொருளை மட்டும் வாங்கவில்லை, இந்த நாட்டுப் பிள்ளைகள் முதன்முதலில் தொட்ட கம்ப்யூட்டர்களில் ஒன்றையும் காப்பாற்றுகிறார். அதனால் எடைக்கடைக்காரர் நம்பரை வாங்கி வைங்க. மெக்கானிக் நம்பரையும் சேர்த்து.